ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாற்று சைலன்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைலன்சர் மாற்ற வேண்டும் என்று பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் எந்த சைலன்சர் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எதற்காக மாற்றுகிறோம் என்பதை முடிவு செய்திருப்பதில்லை. சத்தத்துக்கா, எடைக்கா, வேகத்துக்கா, அழகுக்கா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. கீழே உள்ளவை கவுன்டரில் நின்றபடி கேட்கப்படும் கேள்விகள். உதாரணங்களைப் பெரும்பாலும் கேடிஎம் ஆர்சி 390, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, யமஹா ஆர்15 ஆகிய மூன்றிலிருந்து எடுத்திருக்கிறேன். விலைகளை எழுதவில்லை, எழுதி முடிப்பதற்குள் மாறிவிடுகின்றன.

சைலன்சரை மட்டும் மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?

கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எதுவும் கூடாது. ஆர்சி 390 எஞ்சின் 9,000 ஆர்பிஎம்மில் சுமார் 43 குதிரைத்திறன் தருகிறது. சக்தியை அளக்கும் கருவியான டைனோவில் ஒரே பைக்கை ஒரே நாளில் இரண்டு முறை ஓட்டினாலே இரண்டு சதவீதம் ஏறி இறங்கும். எஞ்சின் சூடு, டயரில் உள்ள காற்று, பைக்கை இழுத்துக் கட்டிய பெல்ட்டின் இறுக்கம் என்று அதற்குப் பல காரணங்கள். 43-ல் இரண்டு சதவீதம் கிட்டத்தட்ட 0.9. விளம்பரங்களில் வரும் "ஒரு குதிரைத்திறன் கூடுதல்" இந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இன்னொரு வித்தையும் உண்டு. காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப டைனோ எண்களைத் திருத்திக் காட்டும் முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பழைய எஸ்டிடி முறை, எஸ்ஏஇ முறையைவிட ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டும். மாற்றுவதற்கு முன் எடுத்தது எஸ்ஏஇ, பின் எடுத்தது எஸ்டிடி என்றால், பைக்கில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் ஒன்றரைக் குதிரைத்திறன் முளைத்துவிடும். ஆகவே யாராவது எண்ணைச் சொன்னால் வரைபடத்தைக் கேளுங்கள்: ஒரே டைனோ, ஒரே நாள், ஒரே திருத்த முறை, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகள். உச்சியை மட்டும் பார்க்காமல் 4,000 முதல் 7,000 ஆர்பிஎம் வரை என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊருக்குள் நீங்கள் ஓட்டுவது அங்கேதான். அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், உச்சியில் கூடியது உங்களுக்கு எந்நாளும் கிடைக்கப்போவதில்லை.

பைக் சுறுசுறுப்பாகக் கிளம்ப வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுங்கள். 45 பல் உள்ளதை 47 ஆக்கினால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை நான்கு சதவீதத்துக்கு மேல் கூடும். ஒவ்வொரு கியரிலும் எட்டும் வேகம் அதே அளவு குறையும், நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்று அதிகமாகச் சுழலும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் பலர் முகம் வாடிவிடுகிறது. ஸ்ப்ராக்கெட்டைப் படமெடுத்து யாருக்கும் காட்ட முடியாதே!

அப்பா காலத்து ஆர்எக்ஸ் 100-ல் சைலன்சர் மாற்றினால் வண்டி பறக்குமாமே?

உண்மை. அது டூ ஸ்ட்ரோக். 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான ஆர்எக்ஸ் 100-ல் புகை வெளியேறும் வழியும் புதிய கலவை உள்ளே வரும் வழியும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் புதிய பெட்ரோல் கலவையில் ஒரு பங்கு புகையோடு வெளியே ஓடிவிடும். வயிறு பருத்து, பின்னால் கூம்பாகச் சுருங்கும் குழாயை மாட்டினால், அந்தக் கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை, ஓடிப்போன கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அங்கே குழாய் எஞ்சினின் பாதி.

இதைப் பந்தயத்தில் முறையாக வளர்த்தெடுத்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் நாட்டைவிட்டுத் தப்பி, கற்ற வித்தையைச் சுசுகிக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கும் டெக்னருக்கும் கிடைத்தது. ஒரு குழாய்க்காக இவ்வளவும் நடந்திருக்கிறது.

இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக் ஃபோர் ஸ்ட்ரோக். வால்வுகள் இருக்கின்றன, கலவை அப்படி ஓடுவதில்லை. சைலன்சர் மாற்றினால் சக்தி என்னும் நம்பிக்கை மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்துவிட்டது.

எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேண்டும், இல்லையென்றால் பிக்கப் போய்விடும் என்கிறார்களே?

பிக்கப் போவது உண்மை, சொல்லும் காரணம் தவறு. புகையை வெளியேற விடாமல் தடுக்கும் அழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் நன்மையில்லை.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தில், அல்லது திறந்த முனையில், அது எதிர்மாறான அலையாக, அதாவது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கி, எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் மூடாத அந்தக் கண நேரத்தில் இந்த அலை வந்து சேர்ந்தால், எரிந்த மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, புதிய காற்றையும் சேர்த்து இழுக்கும். 9,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்று முடிக்க ஒரு விநாடியில் 150-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். ஆகவே குழாயின் நீளமும் குறுக்களவும் ஏதோ ஓர் ஆர்பிஎம்முக்குத்தான் பொருந்தும். கம்பெனிக்காரர்கள் அதை நடு ஆர்பிஎம்மும் கெடாதபடி அமைக்கிறார்கள். நீங்கள் குட்டையான, அகலமான குழாயை மாட்டினால் அலை தவறான நேரத்துக்கு வருகிறது; அகலக் குழாயில் புகையின் ஓட்டமும் மந்தமாகிறது. கீழே இழுவை குறைவது இதனால்தான். அங்கே அடைப்பு வைத்துச் சரிசெய்ய முடியாது, சரியான அளவுக் குழாய் வேண்டும்.

ஆர்1, இசட்எக்ஸ்-10ஆர் போன்ற பெரிய பைக்குகளில் குழாய்க்குள் ஒரு வால்வு இருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் அது வழியைச் சுருக்கி இந்தச் சிக்கலைச் சமாளிக்கிறது. யமஹா 1980-களின் பிற்பகுதியிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. அந்த வால்வு இல்லாத சைலன்சரை மாட்டினால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். வால்வைத் திருப்பும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவை ஏமாற்றும் சிறு கருவி ஒன்றை மாட்டுவார்கள். விளக்கு அணையும், கீழே போன இழுவை திரும்பாது.

ஸ்லிப்-ஆன் வாங்குவதா, ஃபுல் சிஸ்டம் வாங்குவதா?

சாலையில் ஓட்டும் பைக் என்றால் ஸ்லிப்-ஆன், அதாவது கடைசி டப்பாவை மட்டும் மாற்றுவது. ஃபுல் சிஸ்டம் என்பது எஞ்சின் வாயிலிருந்து தொடங்கும் பெண்ட் பைப் உட்பட எல்லாவற்றையும் மாற்றுவது. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த பெரும்பாலான பைக்குகளில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலோ அதை ஒட்டிய பெட்டியிலோதான் இருக்கிறது. பந்தயத்துக்காகச் செய்த ஃபுல் சிஸ்டத்தில் அது இருக்காது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூட்டுக் கட்டைதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றி அனுப்புகிறது. அதைக் கழற்றினால் பின்னால் வருபவர் கண்ணெரிச்சலோடு வருவார். சட்டப்படியும் அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட இடமில்லை.

சில மாடல்களில் கன்வெர்ட்டர் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். அப்போது ஸ்லிப்-ஆன் மாட்டினாலும் அது போய்விடும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பதில் தெரியாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

ஃபுல் சிஸ்டத்துக்கு நியாயமான இடம் பந்தயத் திடல். அங்கே கிடைக்கும் பெரிய லாபம் எடை. ஸ்லிப்-ஆனில் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று கிலோ குறையும், ஃபுல் சிஸ்டத்தில் அதைவிடக் கூடுதல். வண்டியின் ஓரத்தில், உயரத்தில் தொங்கும் எடை என்பதால் வளைவிலிருந்து வளைவுக்குச் சாய்க்கும்போது கைக்குத் தெரியும். வியாபாரிகள் இதைச் சொல்லி விற்பது குறைவு. சத்தத்தைக் கேட்கவைத்து விற்பது எளிது.

என் நண்பன் பைக்கில் இருந்த சைலன்சர் என் பைக்குக்குப் பொருந்துமா?

மாடல் ஒன்றே என்றாலும் ஆண்டைப் பாருங்கள். 2014-ல் வந்த ஆர்சி 390-ல் சைலன்சர் வயிற்றுக்கு அடியில் இருந்தது. 2017 மாடலில் அது பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. ஒன்றின் ஸ்லிப்-ஆன் மற்றதற்கு ஆகாது.

அப்பாச்சி ஆர்ஆர் 310 இன்னும் விசேஷம். பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கிய அந்த எஞ்சினின் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஹெட் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. காற்று முன்பக்கம் நுழைந்து, புகை பின்பக்கம் வெளியேறும். மற்ற பைக்குகளில் முன்னால் வளைந்து இறங்கும் பெண்ட் பைப் இதில் கிடையாது. எல்லா 300 சிசி பைக்குக்கும் பொருந்தும் என்று விற்கும் பெண்ட் பைப் இதன் அருகில்கூட வராது.

'யுனிவர்சல்' சைலன்சர்களில் பெரும்பாலானவை 51 மில்லிமீட்டர் வாய் கொண்டவை. உங்கள் குழாய் அதைவிடச் சிறியது என்றால் இடையில் ஒரு வளையம் போட்டு இறுக்குவார்கள். அந்த வளையம் ஒழுங்காகக் கடைந்ததாக இல்லாவிட்டால் புகை கசியும். வெர்னியரால் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது சைலன்சர் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இடிக்கிறதா, பின்னால் உட்காருபவரின் குதிகால் படுகிறதா என்றும் பாருங்கள். இதைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு போய், பிளாஸ்டிக் உருகிய பின் வருபவர்கள் உண்டு.

போலீஸ் பிடிப்பார்களா? சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

பிடிப்பார்கள். பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 120-ஆவது விதி, வெளியேறும் புகையின் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வாகனத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 190(2) பிரிவின் கீழ் சத்தம் அல்லது புகை வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியும் போகும். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலையோரத்தில் கட்டும் தொகையை மாநில அரசுகள் தனியாக நிர்ணயிக்கின்றன. அதனால்தான் ஊருக்கு ஊர் தொகை மாறுகிறது.

சத்த வரம்பு: 80 சிசிக்கு மேல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல். ஆர்15 முதல் வகை, ஆர்சி 390-யும் ஆர்ஆர் 310-உம் இரண்டாவது வகை. இந்த எண்ணைப் புரிந்துகொள்ளாமல் இரு தரப்பும் சண்டை போடுகின்றன. இது புதிய மாடலுக்கு ஒப்புதல் தரும்போது, வண்டி முழு முறுக்கில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிய நிலையில், கடந்துபோகையில் 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவாக வேண்டிய அளவு. நிறுத்திய வண்டியின் சைலன்சர் வாயருகே அலைபேசியைப் பிடித்து, "92 காட்டுகிறது, வரம்பு 80" என்று சொல்வது பொருந்தாத ஒப்பீடு. கம்பெனி சைலன்சரே அருகில் வைத்து அளந்தால் 80-ஐத் தாண்டும். சோதனைச் சாவடியில் இந்த நுணுக்கம் எடுபடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் அங்கே முடிவு.

விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டிக் கேள்வி எழுப்பலாம். எஞ்சின் பழுதுக்கு வாரண்டி கேட்டுப் போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதும் சைலன்சரைத்தான்.

சைலன்சரில் 'ஈ' முத்திரை இருக்கிறதே, அப்படியானால் சட்டப்படி சரிதானே?

ஐரோப்பாவில் சரி. வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் தரத்தைக் குறிப்பதில்லை, ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கிறது: 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. மாற்று சைலன்சர்களுக்கான ஐ.நா. 92-ஆவது விதிமுறைப்படி, குறிப்பிட்ட மாடலுக்கு, உள்ளே டிபி கில்லர் என்னும் சத்தம் குறைக்கும் செருகல் மாட்டிய நிலையில் தரப்பட்ட ஒப்புதல் அது. இந்த ஒப்புதல்களை ஒன்றுக்கொன்று ஏற்கும் 1958 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே இங்கே அந்த முத்திரை உங்களைக் காப்பாற்றாது.

இருந்தாலும் முத்திரை உள்ளதையே வாங்கச் சொல்வேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் சத்தத்தை அளந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. முத்திரையில்லாத குழாய்க்கு விற்பவரின் வாய்தான் சான்று.

ஈசியூ ரீமேப் கட்டாயமா?

ரீமேப் என்பது ஈசியூவில் உள்ள பெட்ரோல் அட்டவணையை மாற்றி எழுதுவது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாட்டும் ஸ்லிப்-ஆனுக்கு அது தேவையில்லை. மிதமான முறுக்கில், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் கலவையைப் பார்த்துப் பார்த்து ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டியே வைத்திருக்கும். முழு முறுக்கில் மட்டும் ஈசியூ சென்சாரைக் கேட்காமல் தன் அட்டவணைப்படி பெட்ரோல் ஊற்றும். ஸ்லிப்-ஆனால் அங்கே வரும் வித்தியாசம் சிறிது.

ஃபுல் சிஸ்டம், கூடவே ஏர் ஃபில்டர் என்று போனால் முழு முறுக்கில் கலவை மெலியும். மெலிந்த கலவையில் எஞ்சின் கொதிக்கும். அப்போது டைனோவில் வைத்து மேப் செய்தே ஆக வேண்டும். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக், அமெரிக்காவின் பவர் கமாண்டர் போன்ற கருவிகள் அதற்குத்தான். கருவியை மாட்டி, இணையத்தில் இறக்கிய மேப்பை ஏற்றி அனுப்புவது பாதி வேலை. ஓ2 சென்சாரைக் கழற்றிவிட்டு அங்கே போல்ட் போட்டு மூடும் பட்டறையைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

முறுக்கை விட்டதும் படபடவென்று வெடிக்கிறது. பந்தய வண்டி மாதிரி இருக்கிறதே, நல்லதுதானே?

பெரும்பாலும் அது கசிவு. முறுக்கை விடும்போது எரியாத கலவை கொஞ்சம் குழாய்க்குள் போகிறது. பொருத்து வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால் அது சூட்டில் பற்றிக்கொள்கிறது. ஓ2 சென்சாருக்கு முன்னால் கசிந்தால் இன்னும் மோசம். வெளிக்காற்றைப் பார்த்து, கலவை மெலிந்துவிட்டது என்று எண்ணி ஈசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் இறங்கும்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு பொருத்திலும் தெளியுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, தோல் கையுறை போட்ட கையில் தடித்த ஈரத் துணியை வைத்து சைலன்சர் வாயைச் சில விநாடி பாதி அடையுங்கள். கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். நான் பார்த்தவரை முதலில் குமிழி வருவது ஸ்லிப்-ஆன் கிளாம்பில், அடுத்தது பழைய கேஸ்கட்டை மறுபடி போட்டிருக்கும் எஞ்சின் வாயில்.

கேஸ்கட் சின்ன காசு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதியது போடுங்கள்.

டைட்டானியமா, ஸ்டீலா, கார்பன் ஃபைபரா?

304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், ஸ்டீல் கிட்டத்தட்ட 8. எடை பாதிக்கு வரும், விலை பல மடங்காகும். கார்பன் ஃபைபர் உறை பார்க்க அழகு. கீழே விழுந்தால் வளையாது, உடையும். கடலோர ஊர்களில் சாதாரண இரும்புக் குழாயைக் கறுப்பு பெயின்ட் அடித்து விற்பதைத் தொடவே வேண்டாம். வெளியே உப்புக்காற்று, உள்ளே எரிபொருள் எரிந்து வரும் நீராவி என்று இரண்டு பக்கமும் அரிக்கும். சைலன்சரின் அடியில் சிறு துளை இருந்தால் அது தண்ணீர் வடிவதற்காக வைத்தது. எம்-சீல் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையே சொல்லிவிடும். ஸ்லோவேனியாவில் தயாராகும் அக்ராபோவிச், ஜப்பானின் யோஷிமுரா, இத்தாலியின் எஸ்சி-புராஜெக்ட், ஆரோ ஆகியவற்றின் பெயர்த்தகடு ஒட்டிய சைலன்சர் சில ஆயிரம் ரூபாய்க்குத் தொங்கினால் அது அவர்கள் செய்ததல்ல. கடைக்காரரே "காப்பி" என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார். சந்தேகம் வருவது, நடுத்தர விலைக்கு, "நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்தது" என்ற கதையோடு வருபவற்றில்தான்.

கையில் எடுத்துப் பாருங்கள். வெல்டிங் கோடு ஒரே அகலத்தில், அடுக்கடுக்காக இருக்க வேண்டும். வாய்க்குள் விரலை விட்டால் துளைக்குழாயின் ஓரங்கள் கீறக் கூடாது. தாங்கிப் பட்டையின் தகடு கனமாக இருக்க வேண்டும். போலிகள் முதலில் விரிசல் விடுவது அங்கேதான், ஒற்றை சிலிண்டர் அதிர்வுக்கு மெல்லிய தகடு நிற்காது. காந்தம் ஓரளவு உதவும். டைட்டானியம் என்று சொல்லி விற்பது காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. ஆனால் 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டும், அதில் நல்ல சைலன்சர்களும் உண்டு. ஒட்டாத எல்லாம் டைட்டானியமும் இல்லை, 304 ஸ்டீலும் ஒட்டாது. நீலமும் ஊதாவுமாக மின்னும் நிறத்தை நம்பாதீர்கள். நிறம் ஏற்றித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

போலி பெயர்த்தகட்டுக்குக் கொடுக்கும் பணத்தில், தன் சொந்தப் பெயரிலேயே செய்து விற்கும் இந்தியத் தயாரிப்பு ஒன்று வாங்கலாம். பழுதென்றால் கேட்பதற்கு ஆளாவது இருக்கும்.

டிபி கில்லரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா? சத்தமாக இருந்தால் லாரிக்காரர்கள் விலகுவார்களே?

சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. உங்களுக்கு ஆபத்து முன்னாலிருந்து வருகிறது. கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட காருக்குள் இருப்பவருக்கு நீங்கள் பக்கத்தில் வரும்வரை கேட்காது. கேட்கும்போது அவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் திருப்புவார் என்று சொல்ல முடியாது. ஹார்னும் ஹெட்லைட்டும் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

டிபி கில்லர் என்பது சைலன்சரின் வாயில் செருகிய சிறு குறுகல் குழாய். ஒரு ஸ்க்ரூவோ சர்க்ளிப்போ பிடித்திருக்கும். கழற்றினால் கூடும் சத்தம் அதிகம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். அதன் முதல் பலியாள் நீங்கள்தான். சென்னையிலிருந்து பெங்களூரு வரை ஒரே ஆர்பிஎம்மில் ஒற்றை சிலிண்டரின் அலறலைக் கேட்டுக்கொண்டு போய் இறங்கும்போது காதில் ரீங்காரம் நிற்காது. அடுத்தது, இரவு வேலை முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரர். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நம் ஊரில் எந்தத் தெருவிலிருந்து கிளம்பினாலும் அப்படி ஒரு மண்டலத்தைக் கடக்காமல் போக முடியாது.

வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாமா?

ஸ்லிப்-ஆன் என்றால் தாராளமாக. எஞ்சின் முழுவதும் குளிரட்டும். எல்லா நட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, குழாய் இழுபடாமல் இயல்பாக உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னால் வரை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பின் தாங்கியை முதலில் இறுக்கிவிட்டு மற்றதை வலித்துப் பொருத்தினால், சில வாரங்களில் பட்டை விரிசல் விடும்.

ஸ்டார்ட் செய்யுமுன் குழாய் முழுவதையும் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் ஒரு முறை சூடேறினால் ரேகையோடு அப்படியே பதிந்துவிடும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. முதல் ஓட்டத்துக்குப் பின், ஆறியதும், எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். ஒன்றாவது தளர்ந்திருக்கும்.

பராமரிப்பு என்ன?

உள்ளே இருக்கும் கிளாஸ் வூல் பஞ்சு மட்டும்தான். துளைக்குழாயைச் சுற்றி அடைத்திருக்கும் அது நாளடைவில் எரிந்தும் பறந்தும் குறையும்; இரட்டை சிலிண்டரைவிட ஒற்றை சிலிண்டரில் சீக்கிரம் குறையும். சத்தம் கரகரப்பாகி, உறையில் ஓரிடம் மட்டும் நிறம் மாறினால் பஞ்சு போய்விட்டது என்று பொருள். உறையை ரிவெட் அடித்து மூடியிருந்தால் துளையிட்டுத் திறந்து, புதிய பஞ்சைச் சீராகச் சுற்றி மூட வேண்டும். முழுக்க வெல்ட் செய்து மூடியதை வாங்கியிருந்தால் இந்த வேலைக்கு வழியே இல்லை. வாங்கும்போதே பாருங்கள். பழைய பஞ்சைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் வேண்டும், அரிப்பு இரண்டு நாள் விடாது.

பந்தயத் திடலுக்கு மட்டும் சத்தமான சைலன்சர் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. இருங்காட்டுக்கோட்டைத் திடலுக்கோ கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ போகும்போது ஏற்பாட்டாளர்களிடம் சத்த விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தய சைலன்சரைத் திடலில் மாட்டிக் கழற்றுங்கள், அல்லது பைக்கை வேனில் ஏற்றிக்கொண்டு போங்கள். திடலுக்குப் போகும் வழியிலுள்ள நெடுஞ்சாலை திடலில் சேராது.

கழற்றிய கம்பெனி சைலன்சரை என்ன செய்வது?

விற்காதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார், வாரண்டிக்குப் போகும்போது தேவைப்படும், அபராதம் கட்டிவிட்டு அங்கேயே மாற்று என்று போலீசார் சொன்னாலும் தேவைப்படும். நல்ல நிலையில் உள்ள கம்பெனி சைலன்சருக்குக் கடைகளில் தரும் விலையும், நாளை புதிதாக ஒன்று வாங்கும்போது நீங்கள் கொடுக்கும் விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. உள்ளே தண்ணீர் இல்லாமல் வடித்து, இரண்டு வாயையும் துணியால் அடைத்து, கேஸ்கட், கிளாம்ப், நட்டுகளை ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டி, பரணில் ஏற்றிவிடுங்கள்.